கேஸ்ட்ரிக் என்று எழுதப்பட்ட வயிறு

அவசரப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

விருப்ப ஓய்வு பெற்று தங்கா பத்து என்ற ஊரில் வீட்டோடு இருக்கும் என்னிடம், புதியவர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். பொறுமை, புன்னகை, சேவை மனப்பான்மை என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு சொல்லைப் பற்றி எழுதப் போகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவமனைத் தாதியாக இருந்துவிட்டு, இன்றும் அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. கோபம் குறையட்டும் என்று காத்திருந்து பார்த்தேன். குறையவில்லை. அதனால் அதோடேயே எழுதுகிறேன்.

அந்தச் சொல் கேஸ்ட்ரிக்.

நம் மக்களுக்கு நெஞ்சுக்குக் கீழே, தொடைக்கு மேலே எது வலித்தாலும் கேஸ்ட்ரிக்தான். காரம் சாப்பிட்டால் கேஸ்ட்ரிக். சாப்பிடாமல் இருந்தால் கேஸ்ட்ரிக். மருமகளோடு சண்டை போட்டால் அன்று மாலை கேஸ்ட்ரிக். கவுண்டருக்கு வரும்போதே அந்தச் சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அதில் தவறில்லை. அவர்கள் வைத்தியம் படித்தவர்கள் இல்லை. அவர்கள் கொண்டு வந்து கொடுக்கும் சொல்லை அப்படியே வாங்கி நாம் பதிவில் எழுதிக்கொள்கிறோமே, அதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. ஒருவர் எழுதிவிட்டால், அடுத்தவர் அதைப் படிப்பார். வயிற்றைப் பார்க்க மாட்டார்.

குடல்வால் அழற்சியைப் பற்றி நீங்கள் எல்லோரும் படித்திருக்கிறீர்கள். தொப்புளைச் சுற்றி வலி தொடங்கும், பிறகு வலது அடிவயிற்றுக்கு இறங்கும், குமட்டும், காய்ச்சல் வரும். இளவயதுக்காரருக்கு, வேறு நோய் இல்லாதவருக்கு, பெரும்பாலும் அப்படித்தான் வரும். ஆனால் குடல்வால் எல்லோருக்கும் ஒரே இடத்தில் தொங்குவதில்லை. குடலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் வலி முதுகில் தெரியும். இடுப்புக் குழிக்குள் இறங்கியிருந்தால் வயிற்றுப்போக்கு மாதிரியும் சிறுநீர்க் கடுப்பு மாதிரியும் வேஷம் போடும். கர்ப்பிணிக்கு வலி மேலே ஏறி நிற்கலாம். வயதானவருக்கும், வெகு நாளாக இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருப்பவருக்கும் காய்ச்சலே வராமல் இருக்கலாம், வலி பாதியாகத் தெரியலாம். அவர்கள் வயிறு சத்தம் போடாது.

எந்த மருத்துவமனை, எந்தக் கிளினிக் என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால், அந்த ஓர் இடத்தில்தான் இப்படியெல்லாம் நடக்கும் என்று மற்ற எல்லோரும் நிம்மதியாக இருந்துவிடுவீர்கள்.

முதலில் சுருக்கமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர், வலது இடுப்புக்குப் பின்னால் வலி என்று ஒரு திங்கட்கிழமை மருத்துவமனைக்குப் போனார். படுக்க வைத்தபோது வலது காலை நீட்டவே இல்லை, மடக்கியே வைத்திருந்தார். திங்கட்கிழமை வரும் தோட்டத் தொழிலாளியைப் பற்றி நம்மிடம் ஏற்கெனவே ஒரு முடிவு தயாராக இருக்கிறது: எம்சி கேட்டு வந்திருப்பார். மருத்துவ விடுப்புச் சீட்டு. அங்கிருந்த ஒருவர் அதைச் சொல்லிச் சிரித்தும் இருக்கிறார். முதுகுப் பிடிப்பு என்று எழுதி, தைலமும் விடுப்பும் கொடுத்து அனுப்பினார்கள். அவர் கேட்காத விடுப்பு அவருக்குக் கிடைத்தது. அது முடிவதற்குள், குடல்வால் வெடித்து, நான் வேலை பார்த்த வார்டில் இறந்து போனார். அந்த மடக்கிய காலை அவர் மனைவி எனக்குச் செய்து காட்டினார். "இப்படியே வச்சிருந்தாரு மிஸ்ஸி. யாரும் ஏன்னு கேக்கல" என்றார். தாதிகளை அவர்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

இனி செல்வராணி அக்காவின் கதை.

அவருக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு. ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் வேலை. இனிப்பு நீர் இருந்தது, எங்கள் மருத்துவமனையில்தான் மாதாந்திர மருந்து. கணவர் மாரிமுத்து, லாரி ஓட்டி ஓய்ந்தவர், தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டியில் துணைத் தலைவர். மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கிப் பிழைத்ததற்காக, மூன்று வருடம் தீச்சட்டி எடுப்பதாக அக்கா வேண்டிக்கொண்டிருந்தார். அது மூன்றாவது வருடம். காப்புக் கட்டியாகிவிட்டது. மஞ்சள் நூல் இடது மணிக்கட்டில் இருந்தது.

காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது என்பது உங்களில் தமிழர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு நீங்கள் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள், அவர்களுக்கும் இது தேவைப்படும். அந்தத் தோட்டத்தில் இப்போது தமிழ்க் குடும்பம் ஒன்றுகூட இல்லை. எல்லோரும் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளுக்கு வீடு மாறிவிட்டார்கள். கோயில் மட்டும் செம்பனைகளுக்கு நடுவே இருக்கிறது. அதனால் எல்லையைத் தாமான் வரைக்கும் நீட்டிக்கொண்டார்கள். பகலில் எங்கே வேண்டுமானாலும் போய் வேலை பார்க்கலாம், இரவு எல்லைக்குள் வந்து படுக்க வேண்டும் என்று கமிட்டி விதியைத் தளர்த்தியது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

விரதத்தின்போது ஒரு நாள் அக்காவுக்கு மேல்வயிற்றில் வலி வந்தது. குமட்டல். ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனார். மணிக்கட்டு நூலைப் பார்த்து, விரதமா என்று கேட்டு, கேஸ்ட்ரிக் என்று மாத்திரை கொடுத்தார்கள். மறுநாள் வலி அடிவயிற்றுக்கு இறங்கியது, கொஞ்சம் வயிற்றுப்போக்கும் சேர்ந்தது. எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தார். அன்று எனக்கு விடுப்பு. நடந்ததை அவர் வாயாலும் அன்று வேலையில் இருந்தவர்கள் வாயாலும் பிறகு கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் மலாயில் "புவாசாகா?" என்று கேட்டார். நோன்பா என்று. அக்கா தலையை ஆட்டினார்.

அந்த ஒரு தலையாட்டலோடு எல்லாக் கதவும் மூடிக்கொண்டது. சாப்பாடு பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். விரதம், அப்படித்தான் இருக்கும் என்று பதில் வந்தது. நான் கேட்கிறேன், விரதம் இருப்பவருக்குப் பசிக்காதா? நோன்பு இருப்பவர்களுக்குத் தெரியாதா? மாலை நெருங்க நெருங்க சோற்று வாசனை எப்படி இழுக்கும்! ஒரு வேளை மட்டும் சாப்பிடுபவர் அந்த ஒரு வேளையையும் தள்ளி வைக்கிறார் என்றால், அது விரதத்தின் வேலை இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் வருடத்தில் ஒரு மாதம் நோன்பு இருப்பவர்கள். மீதிப் பேரின் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருப்பவர். ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

பார்த்தவர் கிளந்தான் மாநிலத்திலிருந்து வந்து சில மாதங்களே ஆன இளம் டாக்டர். கூட்டம் நிரம்பி வழிந்த நாள். வயிற்றை மேலாக அழுத்திப் பார்த்தார், மென்மையாகத்தான் இருந்தது. பதிவில் ஏற்கெனவே கேஸ்ட்ரிக் என்று இருந்தது. வெள்ளை மருந்தும் ஓர் ஊசியும் கொடுத்து அனுப்பினார். அக்காவுக்கு வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. குறையத்தானே செய்யும், அது வலிக்கான ஊசி.

நான் அவரைப் பார்த்தது அதற்கு இரண்டு நாள் கழித்து, மருந்தகத்துக்கு முன்னால் இருக்கும் பெஞ்சில். சிகிச்சைக்கு வரவில்லை, இனிப்பு நீர் மாத்திரை வாங்க வந்திருந்தார். அவசரப் பிரிவுக்கு வந்துபோனதைக் கேள்விப்பட்டிருந்ததால், வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"விட்டுப் போச்சு மிஸ்ஸி. நேத்து காலையில பொசுக்குன்னு விட்டுச்சு. ஆத்தா கண்ணத் தொறந்துட்டா" என்றார்.

பக்கத்தில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாரிமுத்து அண்ணன் சிரித்தார். "வலி இல்லையாம் லா. வர்ற வழியெல்லாம் ரோட்டு பம்ப் ஒவ்வொண்ணுக்கும் என் முதுகுல ஒரு குத்து. கட்டிக்கிட்ட நாள்லருந்து சேத்து வச்சதெல்லாம் இன்னிக்குத் தீத்துட்டா."

"இவரு மோட்டார் ஓட்டுற லட்சணம் அப்படி மிஸ்ஸி. இன்னும் லாரின்னு நெனப்பு."

அவர்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வலி விட்டுப்போன வயிறு வேகத்தடை பம்ப்பில் ஏறி இறங்கும்போது ஏன் குத்த வேண்டும்? மணிக்கட்டைப் பிடித்தேன். காப்பு நூல் ஈரமாக இருந்தது, கை சில்லென்று இருந்தது, நாடி ஓட்டமாக ஓடியது. நாக்கைக் காட்டச் சொன்னேன், காய்ந்து கிடந்தது. எழுந்து நடக்கச் சொன்னேன். தரையில் முட்டை பரப்பியிருப்பதைப்போல அடிமேல் அடி வைத்து, கூனியபடியே நடந்தார்.

புதியவர்களே, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். வீங்கி உப்பிய குடல்வால் வெடிக்கும்போது உள்ளே இருந்த அழுத்தம் விட்டுப்போகிறது. அதனால் வலி சட்டென்று குறையலாம். குறைந்தது நோய் இல்லை. சீழ் வயிற்றுக்குள் பரவத் தொடங்கியிருக்கிறது. அந்த இடைவெளியில் நோயாளி நிம்மதியாகப் பேசுவார், சிரிப்பார், உங்களுக்கு நன்றிகூடச் சொல்வார். குடும்பம் அதைத் தெய்வ அருள் என்கிறது. நாம் அதை மருந்து கேட்டது என்கிறோம். இரண்டில் எது பெரிய மூடநம்பிக்கை என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அன்றும் அதே கிளந்தான் டாக்டர்தான் வேலையில் இருந்தார். செல்வராணி அக்காவை உள்ளே கொண்டுபோய் நான் பார்த்ததையும் பம்ப் விஷயத்தையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. நான்தான் அனுப்பினேனே என்றோ, அன்று வயிறு சரியாக இருந்ததே என்றோ ஒரு வார்த்தை பேசவில்லை. இதற்காகவே அவரை இன்றும் மதிக்கிறேன். அக்காவைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நின்று, குதிகாலைப் பட்டென்று தரையில் ஊன்றச் சொன்னார். ஊன்றியதும் அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு படுக்க வைத்து, ஆசனவாய் வழியாக விரல் வைத்துப் பார்க்கும் சோதனையைச் செய்தார். எல்லோரும் படித்தது, கூச்சத்தாலும் சோம்பலாலும் எல்லோரும் தட்டிக்கழிப்பது. வலது பக்கம் தொட்டதும் அக்கா பல்லைக் கடித்தார். முன்வயிறு மென்மையாக இருந்ததன் காரணம் அங்கே இருந்தது. நோய் கீழே, இடுப்புக் குழிக்குள் ஒளிந்திருந்தது. அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஏறிக் கிடந்ததற்கும் அதுதான் காரணம்.

அறுவைச் சிகிச்சை செய்யும் பெரிய மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்தார். மறுமுனையில் இருந்த டாக்டர் ஆங்கிலத்தில் வரிசையாகக் கேட்டார். காய்ச்சல்? இல்லை. வயிறு இறுக்கமா? இல்லை. வெள்ளணு? கொஞ்சம்தான் கூடுதல். வலி? குறைந்திருக்கிறது. கடைசியாக, விரதத்தில் இருப்பவர்தானே என்று கேட்டார். கேஸ்ட்ரிக்காகவோ கிருமிக் கழிச்சலாகவோ இருக்கும், வைத்துப் பார்த்து நாளைக்குச் சொல்லுங்கள் என்றார். ஒலிபெருக்கியில் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பார்க்காத வயிற்றைப் பற்றி அவ்வளவு நிச்சயமாகப் பேசும் குரலை நான் அதற்கு முன் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். எல்லா முறையும் அதே அளவு எரிச்சல்தான் வந்திருக்கிறது.

கிளந்தான் டாக்டர் பின்வாங்கவில்லை. "நான் அந்த வயிற்றில் கை வைத்துவிட்டேன், நீங்கள் இன்னும் வைக்கவில்லை. நீங்கள் வந்து வைத்துப் பார்க்கும்வரை நான் சொல்வதுதான் கணக்கு" என்று மலாயில் சொன்னார். மறுமுனை, சரி, அனுப்புங்கள் என்றது.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அக்காவிடம் போனோம். அங்கேதான் அடுத்த சிக்கல்.

"பகல்ல போயிட்டு ராத்திரிக்குள்ள திரும்பிடலாமா மிஸ்ஸி?" என்று கேட்டார்.

"ஆபரேஷன் செஞ்ச ராத்திரி அங்கதான் படுக்கணும்கா. அதுக்கப்புறமும் நெறைய ராத்திரி."

"அப்ப திருவிழா முடியட்டும். மறுநாளே வந்து படுத்துக்கிறேன். மூணாவது வருஷம் மிஸ்ஸி, சட்டி எடுக்காம விட்டா புள்ளைக்கு ஆகாது."

டாக்டர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அக்கா சொன்னதை மொழிபெயர்த்தேன். அவர் சொன்னதை அக்காவுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியது என் வேலை. மொழிபெயர்க்கும்போது மழுப்பாதீர்கள். பயமுறுத்த வேண்டாமே என்று நாம் மழுப்பும் ஒவ்வொரு வார்த்தையும் நோயாளியின் கணக்கில் கழிகிறது.

"திருவிழா வரைக்கும் நீங்க இருக்க மாட்டீங்கக்கா" என்றேன்.

மாரிமுத்து அண்ணன் ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு கமிட்டித் தலைவருக்குப் போன் போட்டார். தலைவர் நல்ல மனிதர்தான், பிறகு பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று அவர் சொன்னது இதுதான்: "எல்லையத் தாண்டி ராத்திரி தங்கினா குத்தமாயிடும் மாரி. சாமி விஷயம். வலிதான் நின்னுடுச்சே, கொஞ்சம் பொறுத்துப் பாக்கச் சொல்லு." அரை மணி நேரத்துக்கு முன்னால் பெரிய மருத்துவமனை டாக்டர் போனில் ஆங்கிலத்தில் சொன்னதும் இதேதான்.

எனக்குச் சாமி மேல் கோபம் இல்லை. நானும் கோயிலுக்குப் போகிறவள்தான். அண்ணனைப் பார்த்துக் கேட்டேன்.

"உங்க மகன் காப்புக் கட்டியிருக்காராண்ணே?"

"கட்டியிருக்கான் மிஸ்ஸி."

"ராத்திரியில எங்க இருக்காரு?"

"பேக்டரியில. நைட் ஷிப்ட்."

"பேக்டரி எல்லைக்குள்ளயா இருக்கு?"

அவர் தயங்கினார். "அதுக்குக் கமிட்டி அனுமதி குடுத்திருக்கு மிஸ்ஸி. பொழப்புல்ல."

"கமிட்டியில யாருண்ணே அதைக் கேட்டது?"

"நான்தான்" என்றார். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். போனில் தலைவர் இன்னும் அலோ, அலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

செல்வராணி அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கினால் வலிக்கும் என்பதால் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "பேக்டரிக்கு வர்ற ஆத்தா ஆஸ்பத்திரிக்கு வர மாட்டாளா? போன வைங்க. தலைவரு கிட்ட எல்லாம் கேக்க வேணாம். நான் அவகிட்டயே கேட்டுக்கிறேன்."

கண்ணை மூடிக்கொண்டார். என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது. அங்கே யாருக்கும் அதைக் கேட்க உரிமை இல்லை. கண்ணைத் திறந்ததும், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்றார். போட்டுவிட்டு, இடது மணிக்கட்டை வலது கையால் மூடிக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு மிஸ்ஸி. இத மட்டும் வெட்ட விட்றாதீங்க."

ஆம்புலன்ஸில் நானும் போனேன். ஒவ்வொரு பம்ப்புக்கும் அவர் என் கையை இறுக்கினார், நான் ஓட்டுநரை அதட்டினேன். அறுவை அரங்கு வாசலில் மஸ்ஜித் தானா ஊரைச் சேர்ந்த மலாய்த் தாதி ஒருவர் இருந்தார். நூலைப் பார்த்தார். நான் விளக்கத் தொடங்கியதும் கையமர்த்தினார். "பாலுத் சஜாலா காக்" என்றார். சுற்றிக் கட்டிவிடலாம் அக்கா, அவ்வளவுதானே என்று. ஊசிக் குழாயை வலது கைக்கு மாற்றிவிட்டு, நூலின்மேல் சுத்தமான துணியைச் சுற்றி, பிளாஸ்திரி ஒட்டினார். தேநீர் ஆற்றும் நேரம்கூட ஆகவில்லை. இதே வேலைக்கு மற்ற இடங்களில் கத்தரிக்கோல் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். கேட்காமல் தாலிக் கயிற்றை வெட்டி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு உறவினர் கையில் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். நேரமில்லை என்றார்கள். துணி சுற்றுவதற்கு நேரமில்லை, பிறகு வார்டில் அழுகிற பெண்ணைச் சமாதானப்படுத்துவதற்கு மட்டும் ஒரு பகல் முழுக்க நேரம் இருந்தது.

குடல்வால் வெடித்து, இடுப்புக் குழி முழுக்கச் சீழ். அறுவைச் சிகிச்சை செய்தவர், இன்னும் ஓர் இரவு போயிருந்தால் தன்னால் எதுவும் செய்திருக்க முடியாது என்று எங்கள் டாக்டரை அழைத்துச் சொன்னார். இனிப்பு நீரால் காயம் ஆற மறுத்தது, மறுபடியும் பிரித்துத் தைத்தார்கள். நூலைச் சுற்றிய துணி அழுக்காகும்போதெல்லாம் அக்கா தாதிகளிடம் கேட்டு மாற்றிக்கொண்டார்.

திருவிழா அன்று அவருக்குப் பதிலாக மாரிமுத்து அண்ணன் தீச்சட்டி எடுத்தார். அந்த வீடியோவை அக்கா வார்டில் படுத்துக்கொண்டே எனக்குக் காட்டினார். கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. "சட்டியச் சாச்சுப் புடிக்கிறாரு பாருங்க மிஸ்ஸி. மோட்டார் ஓட்டுற மாதிரியே" என்றார்.

இதோடு கதை முடிந்திருந்தால் இவ்வளவு கோபத்தோடு எழுத மாட்டேன். அக்கா வீட்டுக்குப் போன பிறகு இந்த விஷயத்தைப் பற்றி எங்களிடையே ஒரு கூட்டம் நடந்தது. ஒருவர் எழுந்து, நோயின் அறிகுறிகள் வழக்கத்துக்கு மாறாக இருந்தன என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. இனிப்பு நீர் உள்ள ஐம்பத்தெட்டு வயதுக்காரியின் வயிறு அப்படித்தான் நடந்துகொள்ளும் என்று நீங்கள் படித்த புத்தகமே சொல்கிறது. அவர் வயிற்றுக்கு அதுதான் வழக்கம். வழக்கத்துக்கு மாறாக நடந்தது நாம்தான். கேஸ்ட்ரிக் என்ற சொல் முதலில் நமக்குக் கண்ணை மூடிக்கொள்ள உதவியது. வழக்கத்துக்கு மாறாக என்ற சொல் பிறகு கையைக் கழுவிக்கொள்ள உதவுகிறது.

இன்னொருவர் அதற்கும் மேலே போனார். நோயாளி தாமதமாக வந்தார், விரதம் முக்கியம் என்று இருந்துவிட்டார் என்றார். தாமதமாக வந்தாராம்! வலி தொடங்கிய நாளே ஒரு கிளினிக் வாசலில் நின்றவர். மறுநாளே நம் வாசலில் நின்றவர். நான் எழுவதற்கு முன்பே கிளந்தான் டாக்டர் எழுந்துவிட்டார். "அவர் நேரத்துக்கு வந்தார். நான்தான் தாமதம்" என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். அந்த அறையில் அன்று வயதில் மிக இளையவர் அவர். மற்றவர்கள் யாரும் அவரைப் பின்பற்றி எழவில்லை. நீங்கள் யாரைப்போல் ஆக வேண்டும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். விரதம், குடி, காரம், திங்கட்கிழமை, எம்சி, பெண்களின் பயம் என்று காரணங்கள் எல்லாம் முதல் நிமிடத்திலேயே கிடைத்துவிடும். அவை ஆளைப் பற்றிய செய்திகள். வயிற்றைப் பற்றிய செய்தி வயிற்றில்தான் இருக்கிறது. அங்கே கை வைக்காமல் தெரியாது. இருமச் சொல்லுங்கள், நடக்கச் சொல்லுங்கள், குதிகாலை ஊன்றச் சொல்லுங்கள், கூட வந்தவர் கேலியாகச் சொல்வதையும் காதில் வாங்குங்கள். அதே வலியோடு இரண்டாவது முறை வருபவரை, முதல் முறை எழுதியதைப் படிப்பதற்கு முன்னால் பாருங்கள். வலி சட்டென்று விட்டுப்போனது என்று சொன்னால், சிரிப்பதற்கு முன்னால் நாடியைப் பிடியுங்கள்.

இந்த வருடம், ஓய்வு பெற்ற பிறகு, ரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்க அதே மருத்துவமனைக்குப் போயிருந்தேன். செல்வராணி அக்காவும் வந்திருந்தார். விட்டுப்போன மூன்றாவது வருடத்தை இந்த வருடம் அவரே எடுத்து முடிக்கப் போகிறார். மணிக்கட்டில் புது மஞ்சள் நூல். இரண்டு நாளாகத் தழும்புப் பக்கம் வலி, காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார். அவசரப் பிரிவு கவுண்டருக்கு அவரோடு நானும் போனேன்.

கவுண்டரில் புதிதாகச் சேர்ந்த தமிழ்த் தம்பி ஒருவர் இருந்தார். வயிற்று வலி என்று அக்கா சொன்னதும், நூலை ஒரு பார்வை பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. "வெரதமாம்மா? கேஸ்ட்ரிக்தானே?" என்றார். பதில் வருவதற்கு முன்பே விரல்கள் விசைப்பலகையில் ஓடத் தொடங்கிவிட்டன.

அக்கா கோபப்படவில்லை. கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற குரலில் சொன்னார். "மொதல்ல கைய வச்சுப் பாக்கச் சொல்லுங்க தம்பி. பேர அப்புறம் வச்சுக்கலாம்."

அந்தத் தம்பி சிரித்தார். சிரித்துவிட்டு, தட்ட வேண்டியதைத் தட்டி முடித்தார். என்ன தட்டினார் என்பதைத் திரையில் நான் பார்த்தேன்.

தம்பி, நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்பதற்காகத்தான் இதை எழுதச் சம்மதித்தேன். அன்று அக்காவுக்கு இருந்தது தழும்பின் இழுப்பு மட்டும்தான், பயப்பட ஒன்றுமில்லை. அது உள்ளே கை வைத்துப் பார்த்த டாக்டருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது.